இருபதாம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள்

கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில்தான் கொடுக்கிறார்கள். 24ஆம் தேதி சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நின்று பார்த்தால், தட்டும் தூக்குவாளியுமாகப் பிள்ளைகள் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஏழெட்டு வீட்டு முறுக்கு சேர்ந்துவிடும். எது யார் வீட்டு முறுக்கு என்று சுட்டவருக்கே அடையாளம் தெரியாது. அதே தெருவில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு டீச்சர் வீட்டிலோ, பதினெட்டு, பத்தொன்பது தேதி வரைக்கும் ஓர் அதிரசம்கூட எட்டிப் பார்த்திருக்காது.

அதனால் நான் இருபதாம் தேதிக்குள் கொடுத்து முடிக்கிற கட்சி. சீக்கிரம் கொடுப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. டிசம்பர் நடுவிலேயே, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு வர ஆரம்பித்துவிடும். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அடுப்படியில் நின்று எண்ணெய்ச் சட்டி வைக்க முடியாத வயதில் இருப்பவருக்கு, வருகிறவர்கள் முன்னால் வைக்கத் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும். தின்பதற்கு அல்ல, கொடுப்பதற்கு. அந்த டீச்சர் வீட்டுக்கு நான் கொண்டுபோகும் பலகாரத்தில் பாதியை அவர் வாயில் போடுவதே இல்லை. டப்பாவைத் திறந்து வந்தவர்களுக்கு எடுத்து நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்காகவே நான் எடுத்துப்போகும் அளவை மாற்றிக்கொண்டேன். பெரிய குடும்பத்துக்கு ஒரு கிண்ணம் போதும், அவர்கள் வீட்டிலேயே டின் டின்னாக இருக்கும். ஒற்றை ஆளுக்குத்தான் பெரிய டப்பா.

என்ன கொடுப்பது என்பதில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில், சபரிமலை சீசனில். பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாலை போட்டிருப்பார். எதிர்வீட்டில் விரதம் இருக்கும். முட்டை கலந்த கேக்கைக் கொண்டுபோய் நீட்டினால் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் யாருக்கோ போகும். முஸ்லிம் வீடுகளுக்கு, பழத்தை ரம்மில் ஊறவைத்த கேக்கைக் கொண்டுபோகவே கூடாது. திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறவைத்ததாக இருந்தால், கொடுக்கும்போதே அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கும் நாளில் ஒரு வரிசை உண்டு. புது எண்ணெயில் முதலில் முறுக்கு, அடுத்து முந்திரிக்கொத்து. இரண்டிலும் முட்டை கிடையாது. இவற்றை எடுத்து டின்னில் போட்டு மூடி, விரத வீடுகளுக்கு என்று தனியே வைத்த பிறகுதான் முட்டை சேர்த்த அச்சுமுறுக்கும் கலகலாவும் அதே எண்ணெயில் இறங்கும். வரிசையைத் திருப்பிப் போட்டால் எல்லாமே முட்டை எண்ணெயில் வெந்ததாகிவிடும். கொடுக்கும்போது, “மதினி, இது முதல் எண்ணெயில போட்டது, அண்ணாச்சிக்கும் கொடுக்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். மூவாயிரம் ரூபாய் கேக்குக்குக் கிடைக்காத மதிப்பு அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்கும்.

முந்திரிக்கொத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் தவிர மற்ற ஊர்க்காரர்கள் பெயரைக் கேட்டு முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். உள்ளே இருப்பது சிறுபயறுதான். அரை கிலோ சிறுபயறை வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து ரவை பதத்துக்குத் திரித்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயைத் துருவி, அடி பிடிக்காமல் நிதானமான தீயில் நன்றாகச் சிவக்க வறுக்க வேண்டும். அவசரப்பட்டு இந்த இடத்தில் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நிற்கும், நாலாம் நாள் சிக்கு வாடை வந்துவிடும். நன்றாக வறுபட்டிருந்தால் பத்து நாள் தாங்கும். எள் ஒரு கைப்பிடி வறுத்தது, ஏலக்காய், சுக்குத் தூள் சேருங்கள். கருப்பட்டியும் வெல்லமும் பாதிப்பாதியாக, எல்லாம் சேர்த்து அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து, தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் தொட்டால் கம்பி இழுக்கும்வரை காய்ச்சி மாவில் ஊற்றிக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே சின்ன உருண்டைகளாகப் பிடித்துவிட வேண்டும், ஆறினால் உதிரும். உருண்டைகளை ஒரு ராத்திரி அப்படியே விட்டால் இறுகும். மறுநாள் பச்சரிசி மாவில் உப்பும் மஞ்சள் தூளும் போட்டுத் தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கிச் சேர்த்து எண்ணெயில் விட்டால் ஒட்டிக்கொண்டு கொத்தாக வெந்து வரும். ஏழெட்டு வீட்டுக்குத் தாராளமாகக் காணும்.

அச்சுமுறுக்குக்கு ஒரே ஒரு விஷயம். சூடான அச்சை மாவில் முக்கால்வாசி மட்டும் முக்குங்கள். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் எண்ணெயில் அது கழன்று விழாது, கத்தியால் நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் முயன்று பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும்தானே என்று தோன்றும். ஆனால் டிசம்பர் ஈரக்காற்றில் அது கடைக்காரர் அடுப்பில் காய்வதுபோல வீட்டில் காயாது. அதைக் கடையில் வாங்குங்கள். பல் இல்லாதவர்களுக்கு முறுக்கைக் கொடுப்பதற்குப் பதிலாக முதலூர் மஸ்கோத் அல்வா கால் கிலோ வாங்கிக் கொடுக்கலாம். தேங்காய்ப்பாலில் கிண்டுவது, வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் என் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குக் கிடையாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்பைக் கொடுத்துவிட்டு, “ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது” என்று வற்புறுத்துவது அன்பில் சேராது. காரச்சேவு கொடுங்கள்.

பலகாரத்துக்கு முந்தியே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டு வேலைக்கு உதவி செய்கிற அக்காவுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கம்தான். அதை 23ஆம் தேதி கொடுப்பார்கள். டிசம்பர் பத்து தாண்டினால் எங்கள் ஊரில் எந்த டெய்லரும் ரவிக்கைத் துணியைக் கையில் வாங்க மாட்டார். புதுச்சேலை இருக்கும், போட்டுக்கொள்ள ரவிக்கை இருக்காது. நவம்பர் கடைசியிலேயே கொடுத்துவிட வேண்டும், கூடவே தையல் கூலியும். லைனிங் வைத்துத் தைக்க இப்போது ஆகிற கூலி சேலை விலையில் பாதியை எட்டிவிடுகிறது. அதைக் கொடுக்காவிட்டால் நம் பரிசு அவர் தலையில் ஒரு செலவாகத்தான் போய் உட்காரும். நிறத்தை அவரையே கேளுங்கள், முடிந்தால் கடைக்கும் கூட்டிப் போங்கள்.

2023ஆம் வருடக் கிறிஸ்துமஸ், கொடுப்பது வாங்குவது பற்றி எங்களுக்கு இருந்த பல நினைப்புகளைப் புரட்டிப் போட்டது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைகொள்ளாமல் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள்தான் முதலில் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தான். தூத்துக்குடியில் பல தெருக்களில் கிறிஸ்துமஸ் நெருங்கியும் தண்ணீர் வடியவில்லை.

எங்கள் சபையில் கேரலை நிறுத்தினோம். வீட்டு வீட்டுக்குச் சுட்டு வைத்திருந்த முறுக்கு டின்கள் அப்படியே வேனில் ஏறின. கெட்டுப்போகாது, சூடாக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் தின்னும். கிறிஸ்துமஸ் பலகாரத்தை விட நல்ல நிவாரணப் பொருள் கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்தது. வெளியூர்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழந்துணியும் வந்தது. கிழிந்த சுடிதார், பித்தான் இல்லாத சட்டை, ஒருவர் கோட்டு சூட்டுகூட அனுப்பியிருந்தார். அதைப் பிரித்து ஒதுக்கவே ஆள் தனியாக வேண்டியிருந்தது. வீட்டுக்குள் சேறு கிடக்கிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது சொன்னவை வேறு: புது நைட்டி, உள்ளாடை, நாப்கின், பாய், தென்னந்துடைப்பம், பிளீச்சிங் பவுடர், ஈரமில்லாத தீப்பெட்டி.

தூத்துக்குடியில் நாங்கள் போன ஒரு வீட்டில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆச்சி கட்டிலில் கால் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். சேலையை நீட்டினேன். “ஏட்டி, சேலை கெடக்கட்டும். இதக் காயவச்சித் தருவியா?” என்று தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார். குடும்ப வேதாகமம். ஊறி இரண்டு மடங்கு உப்பியிருந்தது. முதல் வெற்றுத்தாளில் அவர் மாமனார் காலத்திலிருந்து பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் மைப்பேனாவில் எழுதியிருந்தது. நீல மை கரைந்து பரவ ஆரம்பித்திருந்தது.

நனைந்த புத்தகத்தைக் காயவைப்பது எப்படி என்று இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் கையெழுத்து இருக்கும் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மை மேலும் கரைவதற்குள் அதுதான் முதல் வேலை. வெயிலில் வைக்காதீர்கள், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம், ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். துண்டால் வெளியீரத்தை ஒற்றிவிட்டு, பிரிகிற இடங்களில் மட்டும் பதினைந்து இருபது தாளுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாளையோ டிஷ்யூ தாளையோ செருகுங்கள். செய்தித்தாள் மை ஒட்டும். செருகிய தாள் நனைந்ததும் மாற்றுங்கள். சொட்டுகிற ஈரம் போனதும் புத்தகத்தை லேசாக விரித்து நிற்கவைத்து ஃபேன் காற்று படும்படி விடுங்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகு மூடி, மேலே கனமாக எதையாவது வைத்தால் உப்பல் ஓரளவு அடங்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் வேலையை ஆரம்பிக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

வேதாகமம் காய்ந்தது, ஆனால் அந்த முதல் தாள் பாதிதான் தேறியது. என் அண்ணன் மகளுக்கு முத்து முத்தாக எழுத வரும். போன் படத்தைப் பெரிதாக்கி, தெரியாத இடங்களுக்கு ஆச்சியிடம் போனில் கேட்டுக் கேட்டு, கெட்டியான தாளில் மொத்தத்தையும் எழுதி எடுத்துவிட்டாள். ஆச்சிக்குத் தேதி ஞாபகம் இல்லை, நிகழ்ச்சிதான் ஞாபகம். “அவன் தனுஷ்கோடி புயல் அடிச்ச கிறிஸ்மஸுக்குக் கைப்பிள்ளை” என்றார். புயல் அடித்தது 1964 டிசம்பரில். அதை வைத்து ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னதும் தேதி கிடைத்துவிட்டது. ஜனவரியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆச்சி அதை முழுக்க ஒருமுறை விரலை வைத்து வாசித்தார். இரண்டாவது மருமகள் பேரில் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் பரிசாக இதைச் செய்து கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். செலவு என்று பார்த்தால் கெட்டித் தாளும், தண்ணீர் பட்டால் கரையாத மைப்பேனாவும்தான். சாதாரண ஜெல் பேனா, சாதாரண மைப்பேனா இரண்டும் உதவாது. அக்டோபரிலேயே பெரியவர்களிடம் பேச ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு தேதியைக் கேட்டால் அவர்கள் மூன்று கதை சொல்வார்கள். அவசரப்படுத்தாமல் கேட்பதுதான் இதில் பாதி வேலை. பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், கல்யாணம் நடந்த இடம், இவற்றையும் எழுதுங்கள். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் வீடுகளில், இப்போது எழுதாவிட்டால் சொல்ல ஆள் இருக்காது.

கேரல் குழுவைப் பற்றியும் கொஞ்சம். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடியக்காலை வரை வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருகிற பையன்களுக்கு எல்லா வீட்டிலும் கேக்கும் கலர் பானமும் கொடுப்பார்கள். மூன்றாவது வீட்டிலேயே திகட்டிவிடும். நாங்கள் அவித்த கடலையும் சுக்குக் காப்பியும் வைக்கிறோம். சுக்கு, மல்லி, மிளகைத் தட்டிப் போட்டுக் கருப்பட்டியில் கொதிக்கவைத்தது, பால் கிடையாது. கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டைக்கு அது போய் இறங்கும்போது, அந்தக் குழுவில் அதிகம் சேட்டை பண்ணுகிறவனே “அக்கா, இன்னொரு டம்ளர்” என்று வந்து நிற்பான். இன்னொன்று, தெருவில் யார் வீட்டில் படுத்த படுக்கையாக நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த வீட்டு வாசலில் டிரம் வேண்டாம், ஒரே ஒரு பாட்டை மெதுவாகப் பாடட்டும். சொன்னால் பையன்கள் கேட்பார்கள். சொல்ல ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குப் பெரியவர்கள் வராமல் போவதற்கு, அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காது என்பதுதான் பெரும்பாலும் காரணம். முந்தின வாரமே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி, தெருவிலுள்ள மூன்று நான்கு பேரை ஒரே வண்டியில் ஏற்றிவிடும்படி ஏற்பாடு செய்யலாம். திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆராதனை முடிந்ததும் அவரவர் குடும்பத்தோடு போட்டோ எடுக்கப் போய்விடுகிறவர்கள் உண்டு. பெரியவர் மதிற்சுவரோரம் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பார்.

ஆபீசிலும் காலேஜிலும் கிறிஸ்மா, கிறிஸ்சைல்ட் (யார் என்று காட்டிக்கொள்ளாமல் ஒருவருக்கு ‘அம்மா’வாக இருந்து பரிசு கொடுப்பது) விளையாடுகிறவர்களுக்கு என் ஒரே யோசனை, நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு வைத்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு அவருடைய மறைமுக ‘அம்மா’ செய்தது, நாற்காலியின் ஆடுகிற காலைச் சரிசெய்து வைத்தது. காபி மக்கும் போட்டோ ஃபிரேமும் வாங்கினவர்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

கடைசியாக நட்சத்திரம். பிளாஸ்டிக் ஸ்டார் இரண்டு வருடத்தில் வெளுத்துப்போகும். மூங்கில் சிம்பில் கட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே நீளத்தில் பத்துச் சிம்பு, ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் கட்டிவிட்டு, நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில் விரல் நீளக் குச்சியை முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். மேலே காற்றாடித் தாள். மைதாப் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். உள்ளே எல்.இ.டி. பல்புதான், பழைய குண்டு பல்பு தாளைக் கருக்கிவிடும். டிசம்பரில் மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்துத் தொங்கவிட வேண்டும்.

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு ஸ்டார் கட்டிக் கொடுக்க வாலிபர்கள் ஏணியோடு உற்சாகமாக வருவார்கள். கழற்ற யாரும் வரமாட்டார்கள். மார்ச் மாதம்வரை கிழிந்த தாளோடு ஆடிக்கொண்டிருக்கும் ஸ்டார்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதனால் கட்டப் போகும்போதே, ஜனவரி ஆறுக்கு மறுநாள் கழற்ற யார் வருவது என்று பேரை முடிவுசெய்துவிடுகிறோம். அன்றைக்கே வயரைச் சுருட்டி, பல்பைத் தனியாக எடுத்து, சட்டத்தைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டால் அடுத்த வருடம் தாள் மட்டும் ஒட்டினால் போதும். பலகாரம் கொடுத்த டப்பாக்களையும் அதே நடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அவற்றுள் சீனியோ, நாலு வாழைப்பழமோ போட்டுத்தான் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.